எதிரே வரும் மீன்

விரிப்பைக் கட்டிலில் பரப்பி, மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, விலையைக் குறைப்பதற்காகவே சரக்கில் குறை தேடுகிற வாடிக்கைக்காரியைப்போல ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்த கலையரசிக்கு, நடுவரிசையில் அது அகப்பட்டது. நூலில் போட்ட எல்லா மீன்களும் இடப்பக்கம் போய்க்கொண்டிருக்க, ஒன்று மட்டும் வலப்பக்கம் பார்த்து வந்துகொண்டிருந்தது. தெருவில் எல்லோரும் போகும் திசைக்கு எதிராக சைக்கிளில் வருபவன் மாதிரி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமிருந்தும் அதை மறைக்கத் தேவையில்லாதபடி அறையில் வேறு ஆள் இல்லாததால் நன்றாகவே சந்தோஷப்பட்டாள். அந்த மீன் வரிசை சம்பந்தியம்மா அஞ்சலாட்சி போட்டது. சுற்றியுள்ள கிளி, மாங்காய், தாமரை எல்லாம் கலையரசியின் கைவேலை.

முத்தியால்பேட்டையில் ரவிக்கைத் துணிக் கடை வைத்திருக்கும் தெய்வசிகாமணிக்கும் கலையரசிக்கும் பெண்ணான சுமலதா, வீராம்பட்டினத்து அஞ்சலாட்சியின் மகன் பிரேம்குமாரைத் தானே பார்த்து, தானே முடிவு செய்து, கடைசியாகத்தான் வீட்டில் சொன்னாள். அதன்பிறகு துணி விற்கிற வீடும் மீன் விற்கிற வீடும் ஒன்றையொன்று பார்த்தால் "வாங்க" என்றன, "வர்றோம்" என்றன. நடுவில் பேச ஒன்றுமில்லை. சுமலதா உண்டானதும் ஒரு வேலை செய்தாள். கான்வென்ட்டில் படித்தபோது சிஸ்டர்களிடம் கற்ற கிராஸ் ஸ்டிச்சை இரண்டு அம்மாக்களுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தாள். கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து, கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியை வெட்டி, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு விரிப்பு. பாதி இந்த வீட்டில், பாதி அந்த வீட்டில். துணித்துண்டுகள் மருமகனின் பைக்கில் போய்வந்தன. கூடவே "நூல் தீந்துடுச்சாம்", "பச்ச வேணுமாம்" என்று செய்திகளும். அப்படிப் பேச்சு வளர்ந்து, கடைசியில் கலையரசியே துண்டுகளை இணைத்து, உள்ளே பழைய பருத்திப் புடவையை மடித்து வைத்து, அடியில் மல் துணி கொடுத்து, ஓட்டுத்தையல் போட்டு முடித்துவிட்டாள். நாளைக் காலை வீராம்பட்டினத்தில் வளைகாப்பு. சுமலதா உட்காரும் நாற்காலியில் இதைத்தான் போர்த்த வேண்டும். மார்க்கெட்டில் கூடையைக் காலி செய்துவிட்டு, எடுத்துப்போக அஞ்சலாட்சியே வருவதாகச் சொல்லியிருந்தாள். இந்த வீட்டுப் படியை அவள் மிதிப்பது இதுதான் முதல் தடவை.

அவள் வருவதற்குள் மீனைப் பிரித்துத் திருப்பிவிட்டால் அவளுக்கே தெரியாது. ஊர்க்காரர்கள் முன்னால் சம்பந்திக்குத் தலைகுனிவு வராது. இதைச் செய்தது யாரென்று பின்னால் ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். கலையரசியின் பெருந்தன்மை எப்போதும் கொஞ்சம் லாபத்தோடுதான் வரும்.

சின்னக் கத்திரிக்கோலின் நுனியை ஒரு தையலின் கீழே விட்டு நறுக்கினாள். இழுத்தாள். வரவில்லை. அடுத்ததை நறுக்கினாள். அதுவும் வரவில்லை. கிராஸ் ஸ்டிச் என்றால் ஒன்றை வெட்டினால் நாலு உருவிக்கொண்டு வரவேண்டும். இதுவோ ஒவ்வொன்றும் தனக்கென்று வேர் விட்டதுபோல நின்றது. இணைக்கிற அவசரத்தில் பின்பக்கத்தைக் கவனிக்காமல் விட்டது அப்புறம்தான் புரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வலை பொத்துகிறவள், ஒவ்வொரு தையலுக்கும் பின்னால் ஒரு முடிச்சு போட்டிருக்கிறாள். சுறா இழுத்தாலும் அவிழாத முடிச்சு. பிஞ்சுக் குழந்தை உதைப்பதற்கு இத்தனை பந்தோபஸ்தா? கலையரசிக்கு ரோஷம் வந்தது. சுங்குடியும் சில்க்கும் மசிந்து கொடுத்த கையிது, இதற்கு ஒரு மீனா மசியாது? பல்லைக் கடித்துக்கொண்டு நுனியை ஆழமாக விட்டு ஒரே வெட்டாக வெட்டினாள்.

சத்தம் வேறு மாதிரி கேட்டது.

மீனின் வயிற்றில் ஒரு பொத்தல். அதன் வழியாக உள்ளேயிருந்த நீலப் புடவை எட்டிப் பார்த்தது.

கலையரசி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். முதலில் கத்திரிக்கோலைத் திட்டினாள். பிறகு கான்வென்ட்டைத் திட்டினாள். "மீனு போட்டேன், அத்த வயித்துலயே வெட்டிப்புட்டாங்க" என்று அஞ்சலாட்சி சொன்னால், நாளைக்கு அந்த ஊரே கேட்கும். எங்கள் வீட்டு மீன் இவர்களுக்கு ஆகவில்லை என்றுதான் கேட்கும். பைக்கில் வந்துபோய் மெல்ல மெல்லச் சேர்ந்த பேச்சு அதோடு போச்சு. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கப்போவது சுமலதா. யோசித்து யோசித்து எலியிடம் வந்து நின்றாள். பழங்காலத்திலிருந்து துணிக்கடைக்காரர்களுக்கு உதவி செய்துவரும் ஜீவன் அது.

"இன்னா சம்பந்தியம்மா, கதவத் தொறந்து போட்டுகினு உள்ள புதையலா எடுக்கறீங்க?"

அஞ்சலாட்சி காலிக் கூடையை வாசலோரம் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தாள். கலையரசி பொத்தல்மேல் தலையணையை வைத்தாள்.

"வாங்க வாங்க. உக்காருங்க. காப்பி போடட்டுமா?"

"காப்பி கெடக்கட்டும். சரக்கக் காட்டுங்க."

தலையணையை அவளே எடுத்தாள். குனிந்து பார்த்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே விரலால் பொத்தலின் ஓரத்தைத் தூக்கினாள்.

"எலிம்மா," என்றாள் கலையரசி. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இந்தத் தெருவுல எலித் தொல்ல தாங்கல."

அஞ்சலாட்சி ஓரத்தைத் தடவினாள். அது ஒரே கோடாக, ரொம்ப நேர்த்தியாக இருந்தது.

"எங்கூரு எலியெல்லாம் பல்லாலதான் கடிக்கும். உங்க ஊட்டு எலி கத்திரிக்கோலு வச்சிருக்குதா?"

கலையரசிக்கு முகம் சுட்டது. இத்தனை வருட வியாபாரத்தில் சாயம் போகும் துணியைப் போகாது என்று சத்தியம் செய்து விற்றவள். ஒருத்தர்கூட இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததில்லை. எதிரில் நிற்பதும் ஒரு வியாபாரி என்பதை மறந்துவிட்டாள்.

"நான்தான் வெட்டிட்டேன்," என்றாள். "ஒரு மீனு மட்டும் திரும்பி வந்துச்சு. தப்பாச்சேன்னு சரி பண்ணப் பார்த்தேன். உங்க முடிச்சு அவுழல."

"யாரு தப்புன்னா? வேணும்னே போட்டது அது."

"வேணும்னேவா?"

"எல்லா மீனும் ஒரே பக்கமா ஓடுதுன்னா இன்னா அர்த்தம்? பின்னால வலை வருதுன்னு அர்த்தம். எம்பேரப்புள்ள படுக்கற துணியில அந்த ஓட்டத்தப் போடுவனா? ஒண்ணு சும்மா எதுக்க வருது பாருங்க, அப்ப அங்க ஒரு பயமும் இல்ல. தண்ணி நல்லாருக்கு."

கலையரசி அவள் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. நெசவில் கோணிய கோட்டைக் காட்டி "இது டிசைன்லயே வர்றதும்மா" என்று தான் சொல்லும்போது தன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

"நெசமாவா, இல்ல இப்ப யோசிச்சதா?"

"நாலு நாளு ஐஸ்ல கெடந்த வஞ்சிரத்த 'இப்பத்தான் கரையேறுச்சு'ம்பேன். வெள்ளக்கார மதாமுங்க வாங்கிட்டுப் போறாங்க. நீங்க நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க." சொல்லிவிட்டு அஞ்சலாட்சி சேலையை இழுத்துச் சொருகினாள். சிரிப்பில்லை. "ஆனா ஒண்ணு. தப்புன்னு தோணுச்சுன்னா எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமில்ல? நீங்க பாட்டுக்கு வெட்டறதா?"

கலையரசியின் கை புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"சரி, ஒண்ணுக்கு ஒண்ணு," என்றாள் அஞ்சலாட்சி. "நீங்க எம்மீன வெட்டுனீங்க. நான் உங்குளுது ஒண்ண வெட்டுவேன். அந்தக் கிளி."

"கிளியா? அய்யய்யோ, அந்த மூக்குக்கு மட்டும் மூணு தடவ பிரிச்சுப் போட்டேன். மாங்கா எடுத்துக்குங்க."

"மாங்கா எனுக்கு வேணாம். எல்லாம் சுண்டக்கா மாதிரி கெடக்குது. கிளி."

"தாமரை? ஓரத்துல இருக்கறது?"

"கிளி."

பேரத்தில் எந்த இடத்தில் எதிராளி இறங்கமாட்டாள் என்பது கலையரசிக்குத் தெரியும். அந்த இடம் வந்துவிட்டது. "வெட்டுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கத்திரிக்கோலின் சத்தம் கேட்டது. ஒருமுறை, இன்னொரு முறை, பிறகு பொடிப்பொடியாக. திரும்பிப் பார்த்தபோது கிளி தன் மூக்கோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. அஞ்சலாட்சி பொத்தலைச் சுற்றிப் பிசிறுகளை நறுக்கி, அதைச் சதுரமாக்கிக்கொண்டிருந்தாள். மீன் வாலும் தலையும் போய், வெறும் ஜன்னலாகிவிட்டது.

"கிழிசல சுத்தம் பண்ணாம பொத்தக்கூடாது. அங்க இன்னா வேடிக்க? துணி மிச்சமிருந்தா எடுங்க."

கலையரசி ஓடினாள். மேட்டித் துணியின் மிச்சத்தை எடுத்து வந்து, சதுரத்தைவிடப் பெரிதாக வெட்டி, மேல்துணிக்கும் உள்ளேயிருந்த புடவைக்கும் நடுவில் நுழைத்தாள். "அப்பிடியே தெச்சா எழும்பி நிக்கும். மேல இருக்கற நெசவுக் கண்ணும் கீழ இருக்கற நெசவுக் கண்ணும் ஒண்ணுமேல ஒண்ணு வரணும்," என்றாள். துணி விஷயத்தில் யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விளிம்பெல்லாம் ஊசி குத்திப் பொருத்தினாள். அஞ்சலாட்சி விரலால் தடவிப் பார்த்தாள். "ம்" என்றாள். மார்க்கெட்டில் அவள் இப்படி ஒரு "ம்" சொல்வது அபூர்வம் என்று கலையரசிக்குத் தெரியாது.

"சோறு இருந்தாப் போடுங்க," என்றாள் அஞ்சலாட்சி. "பசியோட பேரம் பேசுனா நான் தோத்துடுவேன்."

"சனிக்கெழம. கவுச்சி கெடையாது. கத்திரிக்கா காரக்கொழம்புதான்."

"அப்பாடா. எனுக்கும் மீனுகிட்டேருந்து ஒருநாளு லீவு வேணாமா?"

தட்டைக் காலி செய்துவிட்டு, கைகழுவி, துடைத்து, இருவரும் தரையில் பாயைப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். விரிப்பு இரண்டு மடிகளிலும் பாதிப் பாதியாகக் கிடந்தது. நீல நூலை ஆளுக்கு ஒரு ஊசியில் கோத்தார்கள்.

"முடிச்சு போடாதீங்க சம்பந்தி. புள்ளைக்கு உறுத்தும்."

"போடாம எப்பிடி நிக்கும்?"

"பழைய தையலுக்கு அடியில நூல விட்டு எடுத்தா நிக்கும். நான் கேரன்டி."

"உங்க கேரன்டி எனுக்குத் தெரியாதா?" என்றாலும், அஞ்சலாட்சி ஒரு நூலை அப்படி விட்டு எடுத்தாள். நகத்தால் இழுத்துப் பார்த்தாள். நின்றது. அடுத்ததற்கு மட்டும் நம்பிக்கையில்லாமல் ஒரு முடிச்சு போட்டாள். கலையரசி பார்க்காததுபோல இருந்தாள்.

"தலை எந்தப் பக்கம்?" என்றாள் கொஞ்சநேரம் கழித்து. "எல்லாம் போற பக்கமே போகட்டுமே. நாளைக்கு வர்ற சனம் தப்புன்னு சொல்லும்."

"சொல்லட்டும். வந்து கேட்டாத்தான நான் கத சொல்ல முடியும்."

"அப்ப கததானா?"

"தலைய எம்பக்கம் வையிங்க, சொல்றேன்."

"மொதல்ல சொல்லுங்க."

தலையைப் பற்றித் தீராததால் வயிற்றிலிருந்து தொடங்குவது என்று ஒப்பந்தமானது. செல்போன் அடித்தது. சுமலதாதான். கலையரசி தோளில் அதை இடுக்கிக்கொண்டு, "இருடி, அப்புறம் பேசு, உங்க மாமியார் ஏமாத்தப் பாக்குறாங்க" என்று வைத்துவிட்டாள். மறுமுனையில் பெண் சிரித்தது பாய்வரை கேட்டது. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி விரிப்பின்மேல் ஏறியபோது, மீனுக்கு வயிறும் முதுகும் முடிந்து, எது தலை எது வால் என்று முடிவாகாமல் இரண்டு முனையும் திறந்திருந்தன. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு முனையில், ஊசியைத் துணிக்குச் சற்று மேலே பிடித்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.