நிலவறைக்கு எட்டுப் படி

என் மனைவி விமலராணிக்கு நான் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு எட்டுப் படி என்றுதான் கசற்றில் பேசி அனுப்பினேன். அந்தப் படி மேலே போகிறதா கீழே போகிறதா என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1989 பங்குனி. எங்கள் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்கள் ஒன்றரை வருடமாகக் கோப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள் கிடந்து, ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கிய நேரம். நாங்கள் இருந்த டென்மார்க் நகரமான ஹோர்சன்ஸில் எவனாவது வேலைத்தலத்துக்குக் கேக் வாங்கி வந்தால், அவனுடைய மனைவிக்கு விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தம். நானும் ஒரு திங்கட்கிழமை கேக் வாங்கிக்கொண்டு போனேன். எல்லோரும் கைகொடுத்த பிறகுதான் யோசித்தேன். விமலாவும் பிள்ளையும் வந்து எங்கே இருப்பார்கள்? நான் இருந்தது இன்னும் மூன்று பேரோடு ஒரே அறையில். கொம்யூனில், அதாவது நகரசபையில் கேட்டால், வீட்டுக்கு ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

வேலைத்தலக் கன்ரீனில் வேலை செய்த போடில்தான் வழி சொன்னார். ஐம்பத்தைந்து வயதுப் பெண், தனியாள். நகரத்தின் ஓரத்தில், சரிவான தோட்டத்தோடு ஒரு பழைய செங்கல் வீடு.

"கீழே நிலவறை சும்மா கிடக்கிறது. நீயே திருத்தி எடுத்தால் குடும்பத்தோடு வந்து இரு" என்றார் டேனிஷில்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து எட்டுப் படி இறங்கினேன். நீளமான ஒரு அறை. கையைத் தூக்கினால் உள்ளங்கை கூரையில் முட்டும். சில்லில்லாத சைக்கிள், பனிச் சறுக்குவண்டி, மூடி துருப்பிடித்த ஜாம் போத்தல்கள். தோட்டப் பக்கச் சுவரில், கூரையை ஒட்டி இரண்டு சின்ன யன்னல்கள். அவற்றால் பார்த்தால் வானத்தில் ஒரு துண்டுதான் தெரியும். ஆனாலும் குழாய் இருந்தது, சூடு இருந்தது, கழிவறைக்குக் குழி இருந்தது. ஓம், எடுக்கிறேன் என்றேன்.

அன்றிரவே கேக் பெட்டி அட்டையைக் கட்டில், மேசை, அலுமாரி என்று வெட்டி, கட்டம்போட்ட தாளில் வைத்து நகர்த்தத் தொடங்கினேன். ஒரு சதுரம் பத்துச் சென்ரிமீற்றர். மகள் ஸ்ரெபானியின் கட்டில் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அவளை ஒன்றரை வயதில் விட்டுவிட்டு வந்தவன் நான். இப்போது நாலு. படத்தில் தாயின் இடுப்பளவு நின்றாள். தாயின் உயரத்தில் இருந்து கணக்குப் பார்த்தேன்.

வேலைக்கு மரியரட்ணம் அண்ணை வந்தார். யாழ்ப்பாணம் பாசையூரில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர், கைதேர்ந்த மேசன். இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை.

"ரெண்டு வருசமாப் பண்டி வெட்டுறன் தம்பி. இந்தக் கைக்குச் சாந்துவாசம் மறந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல சுவர். பெயின்ற் கியின்ற் எண்டு பூசி மூச்சை அடைச்சுப்போடாத. சுண்ணாம்பு அடிப்பம்."

ஏழு சனிக்கிழமைகள் வேலை செய்தோம். உதிர்ந்த பூச்சை உரித்தோம், தரையைச் சமப்படுத்தினோம், சமைக்கக் குசினிக்குப் பலகை அடித்தோம். படி இறங்கும் இடத்தில் மரியரட்ணம் அண்ணை ஒரு குட்டைச் சுவர் எழுப்பினார். எங்கே வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, எதற்கு என்று நானும் கேட்கவில்லை. இருவருக்கும் அது அங்கே இருக்கவேண்டிய சுவராகத்தான் பட்டது. கட்டிலை உள் மூலையில் போட்டேன். அலுமாரியை யன்னலை மறைத்து நிறுத்தினேன். படிக்கடியில் ஒரு தட்டு அடித்து ரோச் லைற்றும் தண்ணீர்க் கானும் வைத்தேன். பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது.

வைகாசி நடுவில் விமலாவின் கசற் வந்தது. அன்று சனிக்கிழமை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, மரியரட்ணம் அண்ணையையும் இருத்தி, ரேப் ரெக்கோடரைப் போட்டேன்.

"இஞ்சருங்கோ, உங்கட கசற் கிடைச்சுது. எட்டுப் படி எண்டு சொன்னியள். நான் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். மேரிகிறேஸ் அக்கா சொல்லுறா, உனக்கென்னடி, இனி நீ மாடி வீட்டுக்காரி, எங்களை எல்லாம் குனிஞ்சுதான் பாப்பாய் எண்டு."

மரியரட்ணம் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாடி வீடோ?"

"நான் மாடி எண்டு சொல்லேல்லை அண்ணை."

"நிலத்துக்குக் கீழ, கெல்டர் எண்டும் சொல்லேல்லை. என்ன?"

கசற் தொடர்ந்தது. "மேசையை மட்டும் யன்னலடியில போடுங்கோ, வெளிச்சத்தில இருந்து அரிசி பாக்க வேணும். பிறகு இன்னொண்டு. உங்களுக்கு எழுதேல்லை, கவலைப்படுவியள் எண்டு. எண்பத்தேழு ஐப்பசியில ஷெல்லுக்குப் பயந்து ரெண்டு கிழமை பங்கருக்குள்ள கிடந்தம்தானே. அதுக்குப் பிறகு இவள் ஸ்ரெபானி கீழ இறங்கிற இடம் எண்டால் கிட்டவும் போகமாட்டாள். தூக்கிக்கொண்டு போனாலும் கடிப்பாள். இருட்டுக்குப் பயமில்லை அவளுக்கு. வந்த வழி மூடிச்செண்டால் எப்பிடி அம்மா போறது, அதுதான் ஒரே கேள்வி. நல்ல காலம், உங்கட வீடு உயரத்தில இருக்கு. ஆனி பதினைஞ்சு பிளேன். வடிவாச் சவரம் எடுத்துக்கொண்டு வாங்கோ, பிள்ளை பயப்பிடும்."

தேத்தண்ணி ஆறிப்போனது. மரியரட்ணம் அண்ணை ரேப் ரெக்கோடரை நிறுத்திவிட்டுச் சாந்தகப்பையைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் போடில் இறங்கி வந்தார், ஒரு தட்டில் பணிஸ் ரொட்டிகளோடு. படியடிச் சுவரைச் சுற்றி வரும்போது தோள் இடித்தது. தட்டை வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

"இந்தச் சுவர் எதற்கு?"

"காத்தை மறிக்க" என்றார் மரியரட்ணம் அண்ணை. நான் மொழிபெயர்த்தேன்.

"மேலே கதவு இருக்கிறதே. பூட்டினால் எங்கிருந்து காற்று?" போடில் சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். "இருக்கிறதே இரண்டு யன்னல். அதில் ஒன்றுக்கு முன்னால் ஏன் அலுமாரி? கட்டில் ஏன் மூலைக்குள்? அதோ குழாய் இருக்கிறது, பிறகு வாசலில் ஏன் தண்ணீர்க் கான்?"

ஒவ்வொரு கேள்விக்கும் பதில் என் வாய்வரை வந்தது. சுவர், ஷெல் துண்டுகள் நேரே உள்ளே பறந்து வராமல் இருக்க. அலுமாரி, கண்ணாடி உடைந்தால் தடுக்க. மூலை, அங்கேதான் கூரை கடைசியாக விழும். தண்ணீர், எவ்வளவு நேரம் இருக்கவேண்டி வருமோ தெரியாது.

நான் மரியரட்ணம் அண்ணையைப் பார்த்தேன். அவர் சாந்தகப்பையைக் கீழே வைத்தார்.

"டேய் ஜோன்சன்" என்றார் என்னிடம். "நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து பங்கரெல்லோ கட்டியிருக்கிறம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி, பாதியில் அது சிரிப்பில்லை என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டம்போட்ட தாளில் இரண்டு மாதம் அட்டை நகர்த்தி, இரண்டரை வருடம் காணாத என் பிள்ளைக்கு நான் செய்து வைத்தது இது. அவள் கடிப்பாள். கடித்துவிட்டு, இந்த ஆளிடம் இருக்கமாட்டேன் என்று சொல்லுவாள்.

போடிலுக்கு நடந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த டேனிஷில் பங்கருக்குச் சொல் தேடவேண்டி வரவில்லை. அவர்களிடமும் அதே சொல்தான்.

"வேற வீடு பாப்பமோ?" என்றேன். "இருபத்தாறு நாள்தான் இருக்கு."

மரியரட்ணம் அண்ணை கேட்கவில்லை. கசற்றைப் பின்னுக்குச் சுற்றி, அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பப் போட்டார். வந்த வழி மூடிச்செண்டால் எப்பிடி அம்மா போறது.

"பிள்ளை கேட்டது சரியான கேள்வி. மேசனிட்டைக் கேக்கவேண்டிய கேள்வி" என்றார். நீர்மட்டக் கருவியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். இரண்டு யன்னலுக்கும் நடுவே ஈட்டிபோல் ஒரு தடியைக் குத்தினார், சரிவைப் பார்த்தார், நூல் பிடித்தார்.

"இஞ்ச பார். உள்தரையில இருந்து வெளிமண் உன்ர தொடை மட்டும்தான். இதில இருந்து அந்த வேலிவரைக்கும் மண்ணை எடுத்தால் தோட்டம் நேரே அறைக்குள்ள வரும். ரெண்டாவது வாசல். பெரிய கண்ணாடிக் கதவு. பிள்ளை இறங்கவே தேவையில்லை, நடந்து வரும்."

தடி குத்தியிருந்தது போடிலின் ருபாப் பாத்தி நடுவில். குடைபோல் இலை விரித்து, சிவந்த தண்டோடு நின்றது. அவர் அதில் ஜாம் காய்ச்சி, கன்ரீனில் எல்லோருக்கும் கொடுப்பவர். நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன்.

போடில் பாத்தியைப் பார்த்தார், வீட்டுச் சுவரைப் பார்த்தார். "சுவரை உடைத்தால் என் படுக்கையறை கீழே வருமா?"

"வராது" என்றார் மரியரட்ணம் அண்ணை, தமிழிலேயே. தலையாட்டலில் போடிலுக்கு விளங்கிவிட்டது.

"ருபாபை வேலியோரம் நடுங்கள். அதைக் கொல்லலாம் என்று நானே இரண்டு தரம் முயன்றிருக்கிறேன். சாகாது."

திங்கட்கிழமை கொம்யூனில் இருந்து ஒருவர் வந்தார். நான் வரைந்த பழைய தாளையும் புதிய தாளையும் பார்த்தார். கதவுக்கு மேலே சுவரைத் தாங்கப் போடும் இரும்பு வளையைப் பற்றி மரியரட்ணம் அண்ணையிடம் நாலு கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்க்க முன்பே அண்ணை தாளில் கீறிக் காட்டினார். இருவரும் ஒரே பென்சிலைப் பறித்துப் பறித்துக் கீறினார்கள். போகும்போது அந்த ஆள், "முதலில் இருந்த படத்துக்கு நான் கையெழுத்து வைத்திருக்க மாட்டேன். இதற்கு வைக்கிறேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் ஆட்கள் எட்டுப் பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். போடில் மூன்று நாள் வேலை என்று கணக்குப் போட்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பாதி மண் போய்விட்டது. அவர் வாய் பிளந்து நின்றார்.

"எங்கே பழகினீர்கள்?"

"ஊரில" என்றார் மரியரட்ணம் அண்ணை. பிறகு என்னிடம் சொன்னார்: "அங்க பங்கர் வெட்டி மண்ணை எங்களுக்கு மேல போட்டம். இஞ்ச வெட்டி அங்கால எறியிறம். அதுதான் வித்தியாசம் எண்டு சொல்லு."

படியடிக் குட்டைச் சுவரை நானே உடைத்தேன். இரும்பு அலவாங்கை எடுத்து ஓங்கிய முதல் அடியிலேயே உச்சி வரிசை சரிந்தது. ஒரு கல்லையும் எறியவில்லை. துடைத்து எடுத்து, வேலியில் இருந்து புது வாசலுக்கு வரும் பாதையில் பதித்தோம். சுவர் திறந்த அன்று பின்நேரம் வெயில் தரையில் விழுந்து, ஊர்ந்து, எதிர்ப்பக்கப் படியில் ஏறியது. போடில் கைதட்டினார்.

மிச்சத்துக்குத் திரும்பவும் அட்டைத் துண்டுகள். மேசை கதவடிக்கு வந்தது. அலுமாரி இருட்டுச் சுவருக்குப் போனது. பிள்ளையின் கட்டில், இரண்டு வாசலையும் படுத்துக்கொண்டே பார்க்கக்கூடிய இடத்தில். அந்த ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்தது. தரையில் பாய் விரித்து, நானே முழங்காலை மடக்கி, நாலு வயது உயரத்துக்குச் சுருண்டு படுத்துப் படுத்துப் பார்த்தேன். படிப்பக்கச் சுவரில் ஒரு நெட்டைக் கண்ணாடி மாட்டினோம். அதற்குள்ளும் தோட்டம் தெரிந்தது. கடைசியாகச் சுண்ணாம்பு. இரண்டு பூச்சு, வெள்ளை வெளேரென்று.

பில்லுண்ட் விமான நிலையத்தில் விமலா மெலிந்து, பெரிய கோட்டுக்குள் வந்தாள். ஸ்ரெபானி தாயின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அப்பாவைப் பார்" என்றபோது ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "இந்த மாமா எப்ப போவார்?" என்று கேட்டாள். கார் ஓட்டிய மரியரட்ணம் அண்ணை வழி முழுவதும் பன்றிக் கதை சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

தெருப்பக்கம் இறக்காமல், தோட்ட வேலியடியில் காரை நிறுத்தச் சொன்னேன். பாதை சரிவில் மெதுவாக ஏறியது. கண்ணாடிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. பக்கத்தில் போடில் ருபாப் கேக்கோடு நின்றார்.

விமலா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். வெள்ளைச் சுவர், மேசை, அதன்மேல் பரவிய வெயில். கண் கலங்கியபடியே கேட்டாள். "எல்லாம் சரி. எட்டுப் படி எங்க?"

"உள்ளுக்க இருக்கு" என்றேன். "விமலா, அது கீழ வாற படி. இது கெல்டர். நிலத்துக்குக் கீழ. நான் சொல்லேல்லை."

அவள் முகம் மாறியது. உடனே பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஸ்ரெபானி தாயின் கையை விட்டுவிட்டு வாசற்படியில் தனியே நின்றாள். உள்ளே இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அது என்ன?" என்று படியைக் காட்டினாள். என்னிடம்தான் கேட்டாள்.

"அது மற்ற வாசல்."

"இதை மூடினால்?"

"அதால போகலாம்."

"அதை மூடினால்?"

"இதால."

அவள் இரண்டு வாசலையும் மாறி மாறி விரலால் காட்டினாள். பிறகு விறுவிறென்று உள்ளே நடந்து, அறையைக் கடந்து, எட்டுப் படியும் ஏறி மறைந்தாள். மேலே கதவு திறக்கும் சத்தம். வீட்டைச் சுற்றிச் சப்பாத்துச் சத்தம் ஓடிவந்தது. தோட்டத்துப் பக்கம் தலை தெரிந்தது. எங்களைத் தாண்டித் திரும்பவும் உள்ளே போனாள், திரும்பவும் மேலே, திரும்பவும் வெளியே. மூன்றாம் சுற்றில் கத்தத் தொடங்கினாள். சந்தோசக் கத்தல். போடிலின் கேக் தட்டு ஆடியது. மரியரட்ணம் அண்ணை தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்.

விமலா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். "மாடி வீடு எண்டு ஊருக்குச் சொன்ன கதையை நான் என்னெண்டு மாத்துறது? வெக்கம் கெட்ட மனுசன்" என்று என் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். "மேசை இன்னும் ஒரு சாண் இஞ்சால வரவேணும். பிடியுங்கோ."

மேசையை இழுத்துக்கொண்டிருந்தபோது ஆறாம் சுற்று வந்தது. ஸ்ரெபானி மூச்சிரைக்க என் முன்னால் நின்றாள். என் ஒற்றை விரலைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்களும் ஓடுங்கோ."

மேசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எட்டுப் படி. எட்டும் மேலே போகிற படிதான்.