அந்தோனியார் பாண்

பேர்னாட் தன் அண்ணன் கிளெமென்றின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து, அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரோடு அறைந்தான். மெழுகுதிரி ஒன்று சரிந்து விழுந்தது. அக்கா பிறிஜெற் அதை மிதித்து அணைத்தாள். கட்டாரிலிருந்து விடிய வந்திறங்கிய தம்பி, பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்து அழுவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ஏன்டா ஸ்கேன் எடுக்கேல்ல? டொக்டர் எடுக்கச் சொன்னவர்தானே?"

"ரத்தத்தில நம்பர் நல்லாத்தானே இருந்தது," என்றான் கிளெமென்ற்.

"குடல்ல கட்டி இருக்கேக்கையும் அதே நம்பர்தான்! அப்பாட கான்சர் அந்த நம்பரைக் கூட்டாது, ஸ்கேன்தான் காட்டும் எண்டு ஒப்பரேஷன் நேரமே சொன்னவங்கள். மறந்திட்டியா?"

அடுத்த அடி வாயில் விழுந்து உதடு கிழிந்தது. கொட்டாஞ்சேனைச் சனம் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. ஒருத்தர்கூட உள்ளே வந்து விலக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் சொல்லாமலே வருகிற ஆட்கள்!

பிறிஜெற்றுக்கு நடந்தது தெரியும். புற்றுநோயைக் காட்டும் சி.ஈ.ஏ. இரத்தப் பரிசோதனை குறைவாக வரும்போதெல்லாம், அம்மா றோஸி அடுத்த செவ்வாயே கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் நேர்த்திக்கு ஏழைகளுக்கு ரொட்டி, அந்தோனியார் பாண், கொடுப்பாள். ஸ்கேனுக்குத் திகதி எடுத்து வந்த கிளெமென்றை, "அந்தோனியார் தந்த சுகத்தை மெஷின்ல வச்சுச் சோதிக்கிறதோ?" என்று சண்டைபிடித்து நிறுத்தினாள். ஸ்கேனுக்குப் பயந்திருந்த அப்பா ஹியூபேட்டுக்கும் அது வசதியாகப் போயிற்று. நோய் ஈரல் முழுக்கப் பரவிய பிறகுதான் வயிறு வீங்கியது.

அண்ணன் வாய் திறந்தால் அடி நின்றுவிடும். திறக்கமாட்டான். ஊர் பார்க்க அம்மாவைக் காட்டிக்கொடுப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று நிற்கிறான். பிறிஜெற்றுக்கு அவன்மேல் பத்திக்கொண்டு வந்தது.

தம்பி இரும்பு மெழுகுதிரித் தண்டைத் தூக்கினான். "வேண்டாம்டா!" என்று அவள் கையைப் பிடித்தாள். அவன் உதறியதில் தரையில் விழுந்தாள்.

"அவனை விடு." அம்மா எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "நான்தான் வேண்டாமெண்டனான். அடிக்கிறதெண்டா எனக்கு அடி."

பேர்னாட்டின் முகம் கோணியது. திரும்பி, சுவரிலிருந்த அந்தோனியார் படத்தில் தண்டை ஓங்கி இறக்கினான். பெட்டியைச் சுற்றி எல்லாம் கண்ணாடி சிதறியது.

அம்மா குசினிக்குள் போய்த் தும்புத்தடியோடு வந்தாள். சவம் கிடக்கும் வீட்டில் கூட்டக்கூடாது என்று பக்கத்து வீட்டுச் சீனியம்மா முணுமுணுத்தாள்.

"பெட்டி தூக்குறவங்கள் வெறுங்காலோட வருவாங்கள்," என்றாள் அம்மா.

பிறிஜெற் தும்புத்தடியை வாங்கப் பார்த்தாள். அம்மா விடவில்லை. குனிந்து, அப்பாவின் கால்மாட்டிலிருந்து கூட்டத் தொடங்கினாள்.