மூத்தவளின் பீரோ

பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி ஆகாது என்பது சுப்பாத்தாள் வீட்டுச் சட்டம். கட்டிக் கட்டி நைந்த துணிதான் மேலில் பட வேண்டும். மகன் சென்னியப்பன் பனியன் கம்பெனியிலிருந்து பஞ்சு போன்ற வெட்டுத்துணி கொண்டுவந்தான். அதை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஊரே பனியன் போடுது, எம் பையனுக்கு மட்டும் ஆகாதாம்மா?"

"பேரு வெச்சப்புறம் உங்க கம்பெனியவே எடுத்துப் போத்து கண்ணு. இப்ப ஆகாது."

உள்ளறையில் நின்ற ரங்கூன் தேக்கு பீரோவைத் திறந்தாள். கட்டிலில் படுத்திருந்த மருமகள் மயிலாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இந்த ராயபுரம் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவளுக்குத் திறக்காத பீரோ. சென்னியப்பனின் மூத்த தாரம் மருதாளுக்குக் கணியூரிலிருந்து சீராக வந்தது. மருதாள் பிள்ளை பெறாமலே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் சேலைகள் மட்டும் உள்ளேயே இருந்தன. ஆடிக்கு ஆடி சுப்பாத்தாள் பூச்சி அரிக்காமலிருக்கக் கைநிறையப் பாச்சா உருண்டை போட்டுப் பூட்டுவாள். மயிலாளின் துணிமணிக்குத் தகரப் பெட்டி.

"சுமங்கலியாப் போனவ சேலை. பெத்துக்காமப் போனாளே, இவனாச்சும் அவ மடியில கெடக்கட்டும்." சுப்பாத்தாள் ஒரு சேலையை உருவிக் குழந்தையைச் சுற்றினாள்.

"வாசம் மூக்கெத் துளைக்குதுங்கத்தை. தொவைச்சு வெயில்ல போட்டுட்டு..."

"தொவைச்சா அவ எங்கடி அதுல இருப்பா?"

மயிலாள் மேலே பேசவில்லை. அந்தக் கதவு திறந்ததே அவளுக்குப் பெரிதாக இருந்தது. இனி ஒரு தட்டாவது தனக்கு ஒதுங்கும் என்று நினைத்தாள். குழந்தையைச் சுற்றிய நூல்சேலையும் மெத்துமெத்தென்றுதான் இருந்தது.

சில நாளில் குழந்தை பால் குடிப்பதை விட்டது. கண் மஞ்சளித்தது. மூத்திரத் துணி வறக்காப்பி நிறத்தில் இருந்தது.

"மூத்தவளுக்கு என்னமோ கோவம் சாமி. போயிப் பூசாரியக் கூட்டிட்டு வா" என்றாள் சுப்பாத்தாள்.

"பூசாரி அப்புறம் வரட்டுமுங்க. வண்டி புடிங்க மாமா!" புருசனிடம் சொல்லிக்கொண்டே மயிலாள் குழந்தையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துணியை எடுத்து முகர்ந்தாள்.

"இது எங்க இருந்த துணி?"

"பீரோவுலீங்க. பாச்சா உருண்டை போட்டு வெச்சதுங்க."

"துவைச்சீங்களா?"

மயிலாள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சில குழந்தைங்களுக்கு அந்த உருண்டை விஷம்மா. ரத்தமே உடைஞ்சு போயிடும்." துணியை உருவிக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பொழுது சாயும்போது, ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். மூச்சில்லை.

சுப்பாத்தாள் பெஞ்சில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். "கூட்டிட்டுப் போயிட்டாளே! தனக்கில்லாதது உனக்கு எதுக்குன்னு மூத்தவ கூட்டிட்டுப் போயிட்டாளே!"

"அவ மேல பழி போடாதீங்கத்தை."

"அப்ப எம் மேல போடறயா?"

மயிலாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்த சின்னக் காலைத் துண்டுக்குள் எடுத்து மூடினாள்.

"வாசம் எனக்குந்தான் அடிச்சுது. பீரோ தொறந்த சந்தோசத்துல வாய மூடிட்டேன். ஊருல கேட்டா நாம ரெண்டு பேருந்தான் காரணம்னு சொல்லுங்க. செத்தவ வந்து நானில்லீன்னு சொல்லுவாளாங்க?"

சென்னியப்பன் வந்து, வண்டி நிற்கிறது என்றான். இரண்டு பெண்களும் எழுந்திருக்கவில்லை.