தண்ணீருக்குள் கட்டைவிரல்

என் அண்ணனுக்கு எதையும் நேராகக் கேட்டுப் பழக்கமில்லை. முதலில் எதையாவது வாங்கிக் கொடுப்பார், கேட்பதெல்லாம் அப்புறம்தான். மிக்ஸி வந்த வாரம் அப்பா என் வீட்டுக்கு வந்தார், ஒரு மாதத்துக்கு என்று. வாஷிங் மெஷின் வந்தபோது அந்த ஒரு மாதம் நிரந்தரமானது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாள் முழுக்கத் துணியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்த ஒரே ஆள் எங்கள் அண்ணனாகத்தான் இருப்பார். அதனால் விமானத்தில் வந்து இறங்கியதுமே, "எல்லாரும் சேர்ந்து மூணு தீவுக்குப் போறோம். படகுல சவாரி, மீன் பாக்குறது, மதியச் சாப்பாடு கடற்கரையில. நீ பர்ஸையே எடுக்கக் கூடாது" என்று அவர் அறிவித்தபோது நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். மிக்ஸிக்கே அப்பா என்றால், மூன்று தீவுக்கு என்ன கேட்பார்?

சொல்வதற்கு என்னிடமும் ஒன்று இருந்தது. "இனி என்னால முடியாது, அப்பாவ நீங்க கூட்டிட்டுப் போங்க." அவ்வளவுதான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது முணுமுணுத்து முணுமுணுத்து மனப்பாடமே ஆகிவிட்டது. மறுநாள் காலையில் அண்ணன் கிளம்புகிறார். இன்று படகு கரை திரும்புவதற்குள் சொல்லியாக வேண்டும். விட்டால், அடுத்தது அவர் ஃப்ரிட்ஜ் வாங்கிக்கொண்டு வரும்போதுதான்.

அப்பாவைப் பிடிக்காமல் இல்லை. பிடிக்கும். அதுதான் வம்பே. பஸ் ஓட்டிய மனிதர்; இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடு சரி. எது வேண்டுமென்றாலும் கட்டில் கம்பியில் டம்ளரால் தட்டுவார், ஹாரன் அடிப்பதுபோல. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் நான். தூக்கி உட்காரவைத்து, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, அவர் நனைத்த துணியை அலசிப் போட்டுவிட்டு, ஊரார் நனைத்த துணியை அலசப் போவேன். என் கையில் ஈரம் காய்ந்து வருடக்கணக்காகிறது.

அன்று காலையும் அவரைத் துடைத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "எங்கடி போற?" என்றார். "கடலுக்குப்பா" என்றேன். "அங்க என்ன வேலை கெட்டுக் கெடக்கு?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

படகுத்துறையில் அண்ணன், அண்ணி, தங்கை மூவரும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஏற்கெனவே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரிலேயே கிடக்கிற நான் அந்தத் துறைக்கு வந்தது அதுதான் முதல்முறை. எங்களோடு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, படகோட்டி, கைடாக ஒரு பெண். கைடுக்கு முப்பது வயதிருக்கும். மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. சூயிங்கம்மை மென்றபடி, ஆயிரம் தடவை சொல்லிச் சலித்த குரலில் சொன்னாள்:

"வாயில குழாய் இருக்கும், பேச முடியாது. கைதான் பேசணும். ரெண்டு விரலச் சேத்து வட்டம் போட்டா, நல்லா இருக்கேன். கைய விரிச்சு இப்படி ஆட்டினா, ஏதோ சரியில்ல. கட்டைவிரலத் தூக்கினா, போதும், என்னை வெளிய கூட்டிட்டுப் போங்க. சூப்பர்னு அர்த்தம் இல்ல. தயவுசெஞ்சு யாரும் சூப்பர்னு தூக்காதீங்க. தினமும் ஒருத்தராவது தூக்குறாங்க, நானும் இழுத்துட்டு வர்றேன்."

அண்ணன் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. எனக்கு ஏறியது. ஆனால் என் கை வேறு பள்ளிக்கூடத்தில் படித்த கை.

எங்கள் சலவைப் பிரிவில் மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. துணி மூட்டை சரிவில் இறங்கி வரும். மேலே நிற்கிறவர் எட்டிப் பார்ப்பார். கட்டைவிரலைத் தூக்கினால், அனுப்பு, நான் தயார் என்று அர்த்தம். தூக்கத் தூக்க அடுத்த மூட்டை வந்துகொண்டே இருக்கும். முடியாது என்பதற்கு அங்கே சைகையே கிடையாது. யாருக்கும் அது தேவைப்படவில்லையா, யாரும் கேட்டதில்லையா, தெரியாது.

முதல் தீவில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, மாஸ்க்கை முகத்தில் அப்பி, என்னை ஏணியில் இறக்கினார்கள். தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் கண் கூசியது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக என் வயிற்றுக்குக் கீழே போயின. நான் மிதந்துகொண்டு, அப்பா இப்போது டம்ளரால் தட்டுவாரா என்று யோசித்தேன். கைடு முன்னால் நீந்தி வந்து என் முகத்தைப் பார்த்தாள். பார்க்கிறவர்களுக்கு என் கை தருகிற பதில் ஒன்றுதான். கட்டைவிரல் தானாக எழுந்தது.

அடுத்த நொடி அவள் என் ஜாக்கெட்டின் பின்பட்டையைப் பிடித்துப் படகுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இருமியபடி.

"முடியலன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"சொல்லலம்மா, பழக்கம்."

"விரல் சொல்லிடுச்சு. நான் விரலத்தான் நம்புவேன்" என்றாள். கோபமில்லை, கிண்டலுமில்லை. தினமும் யாரையாவது இழுத்துக் களைத்த முகம். அண்ணன் தண்ணீரில் மிதந்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். "இவ எப்பவுமே இப்படித்தான்" என்று அந்தப் புது மாப்பிள்ளையிடம் சொன்னார், அவர் கேட்காமலேயே.

இரண்டாவது தீவில் சாப்பாடு. மர நிழலில் பாய் விரித்து, சுட்ட மீனும் சோறும் வெட்டிய தர்பூசணியுமாக வைத்தார்கள். மணல் காலில் ஒட்டி, சோற்றிலும் விழுந்து, பல்லில் நறநறத்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவேன் போலிருந்தது. அண்ணன் என் தட்டில் பெரிய மீனாகப் பார்த்து வைத்தார். சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்று ஆரம்பித்தார். "அப்பாவுக்கு இனிமே முழுநேரமும் ஆள் வேணும். பக்கத்து வீட்டுக்காரங்கள எத்தன நாளைக்குத் தொந்தரவு பண்றது? நீ அந்த வேலைய விட்டுடு. வீட்டுச் செலவ நான் பாத்துக்கறேன். உனக்கும் ரெஸ்ட் கெடச்ச மாதிரி இருக்கும்."

ரெஸ்ட். அந்த வார்த்தையை மீன் முள் மாதிரி வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் நாளில் எனக்கென்று இருப்பது அந்தச் சலவைப் பிரிவு ஒன்றுதான். அங்கே சம்பளம் இருந்தது, டீ நேரம் இருந்தது, என்னோடு சேர்ந்து முதுகுவலி என்று புலம்ப நான்கு பெண்கள் இருந்தார்கள். அதையும் பிடுங்கிவிட்டு ரெஸ்ட் என்கிறார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மென்று முழுங்கினேன்.

"எங்ககூட வச்சுக்கலாம்னுதான் எனக்கும் ஆசை" என்றார் அண்ணன். "ஆனா அண்ணிக்குக் கஷ்டம். வீட்டுல இடமும் பத்தாது." அண்ணி தலை நிமிராமல் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

தங்கை முந்திக்கொண்டாள். "எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்டும் இல்ல. அதோட, அப்பாவுக்கு உன் கைதான்க்கா பழக்கம்."

அந்த ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்தது. வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. "பாக்கலாம்" என்றேன். மற்றவர்கள் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். நான் சொன்னால் சரி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். அண்ணன் திருப்தியாக இன்னொரு துண்டு தர்பூசணி எடுத்தார்.

மூன்றாவது தீவில் நான் இறங்க மாட்டேன் என்றுதான் இருந்தேன். அண்ணன் விடவில்லை, மூன்று தீவுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று காசு கட்டியிருக்கிறாராம், வீணாகக் கூடாதாம். இறங்கினேன். இந்தத் தடவை மீனையெல்லாம் பார்க்கவில்லை. காதில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை. டம்ளர் இல்லை, மெஷின் இல்லை, "அக்கா" என்ற கூப்பாடு இல்லை. நான் கடைசியாக எப்போது என் மூச்சைக் கேட்டேன் என்று நினைவில்லை. அழுகை வந்துவிட்டது. மாஸ்க்குக்குள் அழுவதைப் போல அசட்டுத்தனம் வேறில்லை, துடைக்கவும் முடியாது. உள்ளே மங்கியது, மூக்கு ஒழுகியது, குழாயைக் கடித்துக்கொண்டு விம்மினேன்.

கைடு வந்து பார்த்தாள். எனக்கு வட்டம் போடத் தெரியும், காலையில் கற்றுக்கொண்டதுதான். போடவில்லை. கட்டைவிரலைத் தூக்கினேன். தெரிந்தே தூக்கினேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. இழுத்துக்கொண்டு போய் ஏணியில் ஏற்றி, ஒரு துண்டைத் தோளில் போட்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி கடலுக்குள் குதித்துவிட்டாள். நான் படகில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதானா? போதும் என்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்களா? காரணம் சொல்ல வேண்டாமா, மன்னிப்புக் கேட்க வேண்டாமா? எனக்கு நம்பவே முடியவில்லை.

திரும்பும்போது எல்லாரும் வெயிலில் வதங்கியிருந்தார்கள். புது ஜோடி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கியது. இரண்டு இன்ஜின்களும் அலறின; படகு அலைமேல் தடதடவென்று விழுந்து எழுந்தது. கரையில் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. சொல்ல வேண்டியது இன்னும் தொண்டையிலேயே இருந்தது. அண்ணன் எதிர்ப்பக்க இருக்கையிலிருந்து கையை வாய்க்குக் குவித்துக் கத்தினார்.

"அப்ப, வேலைய விட்டுடற! அடுத்த மாசத்துலேர்ந்து! ஓகேவா?"

இன்ஜின் சத்தம். எதிரே ஒருவர் எட்டிப் பார்க்கிறார். என் கை பாழாய்ப்போன கை. கட்டைவிரல் எழுந்துவிட்டது.

அண்ணன் முகம் மலர்ந்தது. அவரும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, தங்கையின் காதில் ஏதோ சொன்னார். தங்கை என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவதுபோல் செய்தாள். அடுத்த மூட்டை சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

அப்போது படகு முனையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கைடு என் விரலைப் பார்த்தாள். கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தாள். இன்ஜினை நிறுத்து என்று படகோட்டியிடம் கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினாள். ஆட்டத்தில் தடுமாறி, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து என்னிடம் வந்தாள். "என்னக்கா? முடியலயா?" உதடு அசைந்ததில்தான் புரிந்தது.

விரலை இறக்கவில்லை. இன்னும் உயரத் தூக்கினேன். சலவைப் பிரிவில் இத்தனை வருடமாகக் கத்திப் பழகிய முழுத் தொண்டையில் அண்ணனைப் பார்த்துக் கத்தினேன்.

"இனி என்னால முடியாது! அப்பாவ நீங்க கூட்டிட்டுப் போங்க!"

படகோட்டி சரியாக அந்த நேரம் பார்த்து இன்ஜினை அணைத்துவிட்டார். பாதி வாக்கியம் சத்தத்தில் போனது. "அப்பாவ நீங்க கூட்டிட்டுப் போங்க" மட்டும் வெட்டவெளியில் கணீரென்று நின்றது. தூங்கிய ஜோடி விழித்துக்கொண்டது. பக்கவாட்டில் தண்ணீர் சளக் சளக்கென்று அடித்தது.

"இப்பதானே சரின்னு விரலக் காட்டின?" என்றார் அண்ணன்.

"தண்ணியில இதுக்கு வேற அர்த்தம். காலையிலயே சொன்னாங்க. நீங்க படம் எடுத்துட்டிருந்தீங்க."

"சரி சரி, மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"இத்தன வருஷமா மெதுவாத்தாண்ணா பேசினேன்."

அவர் வழக்கமான ஆயுதத்தை எடுத்தார். "நான் முடியாதுன்னா சொல்றேன்? அண்ணிக்குத்தான் கஷ்டம், வீட்டுல இடம் இல்லன்னு..."

"எனக்குக் கஷ்டம்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றார் அண்ணி. அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "என்ன யாரு கேட்டா? கீழ் ரூம்ல உங்க சைக்கிள்தான நிக்குது. ஓடாத சைக்கிள்."

அண்ணன் கரையைப் பார்த்தார். அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பாவத்தில் "சரி விடுங்க, பாக்கலாம்" என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பா இல்லாத அறையை ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். கட்டில் கம்பியில் சத்தமே இல்லை. இருந்தாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

"நாளைக்கு டிக்கெட் மாத்தணும்" என்றார் அண்ணன் கடைசியில், யாரிடம் என்றில்லாமல். "அப்பாவுக்கும் சேத்து."

படகோட்டி இன்ஜினைக் கிளப்பினார். மறுபடி எதுவும் காதில் விழவில்லை. கைடு என் முன்னால் குனிந்து புருவத்தை உயர்த்தினாள், போகலாமா என்று. என் கட்டைவிரல் பாதி எழுந்துவிட்டது. மறு கையால் அதைப் பிடித்து இறக்கி, ஆள்காட்டி விரலோடு சேர்த்து வட்டமாக்கிக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டுக் கயிறு சுற்றப் போனாள்.