ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

"பதினாறு! என் கணக்கு பதினாறு! இங்க கிடக்கிறது பதினஞ்சு! மீதி ஒண்ணு கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

"சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ஒரு மரத்தாளை எடுத்துட்டுப் போய் நான் என்ன பண்ணப் போறேன்? சட்டை தைச்சுப் போட்டுக்கவா?"

"கிண்டல் வேறயா? எடுத்தவனுக்குத்தான் இந்த வாய் வரும்!"

"ஏங்க, தெருவே கேட்குது..."

"கேட்கட்டும்! அதுக்குத்தானே கத்துறேன்!"

தெரு கேட்கத்தான் செய்தது. எதிர்வீட்டு அக்கா துடைப்பத்தோடு கேட்டருகே நின்று, கால் மணி நேரமாக ஒரே ஒரு சதுர அடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்த இடம் அவள் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை வேலையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மகள், சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். உள்ளே அப்பா, கையில் இரும்பு ஸ்கேல். எதிரே பாலிஷ்காரர், கையில் பாதி மடித்த உப்புக்காகிதம். வாசற்படியில் அம்மா, கையில் கரண்டி. நடுவே மேஜையில், பலகைகளுக்கு இடையே அழுத்தி வைத்திருந்து அன்றுதான் பிரித்த மரத்தாள்கள் அடுக்காகக் கிடந்தன.

மகளைப் பார்த்ததும் பாலிஷ்காரர் உப்புக்காகிதத்தை மேஜை மேல் வைத்தார். "உங்க அப்பாகிட்ட நீங்களே கேட்டுக்குங்க" என்று மட்டும் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய பை மூலையிலேயே கிடந்தது.

அப்பாவைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லிமீட்டர் என்றால்தான் தெரியும். பேரிங் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தர ஆய்வாளராக இருந்தவர். பற்பசையைக்கூட அளந்து பிதுக்குகிறவர் என்று பேச்சு. அம்மா அதை மறுத்ததில்லை.

ஓய்வுபெற்ற மறுவருஷம், வடிகால் தோண்டுவதற்காகத் தபால் நிலையத்து வாசல் மரத்தை வெட்டினார்கள். கிளைகளை விறகுக்காரன் கொண்டுபோனான். வேர்க்கட்டை மட்டும் இரண்டு மாதம் சாலையோரத்தில் மண்ணப்பிக் கிடந்தது. நாய்க்கு மட்டும் உபயோகமாக இருந்தது. என்ன மரம் என்பதில் தெருவுக்குள் மூன்று அபிப்பிராயம். மில்லிமீட்டர் அதன் ஓரத்தை ஒரு நாள் உளியால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே ரேகைகள் நெளிந்தும் சுழன்றும் ஓடின. மறுநாளே பழுதான லாரிகளை இழுக்கும் வண்டியை வைத்துக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிணத்தைக் கொண்டுவந்த மாதிரி வீட்டில் ஒரு வாரம் யாரும் அவரோடு பேசவில்லை.

அவரோ தண்ணீரைப் பீய்ச்சி வேரிடுக்கு மண்ணையெல்லாம் கழுவினார். செயின் ரம்பத்தால் நான்காகப் பிளந்தார். வெட்டு முனைகள் வெடிக்காமலிருக்க மெழுகை உருக்கிப் பூசினார். இரண்டு துண்டுகளைப் பலகைகளாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கினார். மிகச் சிறந்த துண்டைப் பதினொரு மாதம் காயப் போட்டார். அதிலிருந்து இரண்டு மில்லி தடிமனில் தாள் தாளாக எடுத்து, ஒரு பெரிய மேஜையின் முகத்தில் ஒட்டுவது திட்டம். அடுத்தடுத்த இரண்டு தாள்களைப் புத்தகம் மாதிரி விரித்து வைத்தால், ஒரு பக்கத்துச் சுழி மறுபக்கத்தில் கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும். அதற்கு வரிசை மாறக் கூடாது. அதனால் அறுக்கும் முன்பே கட்டையின் பக்கவாட்டில் ஒரு சாய்வுக் கோடு போட்டிருந்தார். தாள்களைத் திரும்ப அடுக்கினால் கோடு நேராக ஓட வேண்டும்.

ஓடவில்லை. ஐந்தாவது தாளுக்கும் ஆறாவது தாளுக்கும் நடுவில் கோடு ஒரு படி குதித்தது. சுழியும் அங்கே குதித்தது. ஒரு தாள் இருந்த இடம் அது.

இதில் மகளுக்கு என்ன வந்தது என்றால், எல்லாமே வந்தது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்த பாலிஷ்காரரை விட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று இரண்டு வருஷமாகச் சொல்லி, அப்பாவை 'முடியாது'விலிருந்து 'பார்க்கலாம்' வரை நகர்த்திக் கொண்டுவந்திருந்தாள். மேஜைக்குப் பாலிஷ் போட அவரையே அழைத்ததும் அவள் யோசனைதான். கைவேலையைப் பார்த்தால் அப்பா கரைவார் என்று. கரைந்தும் விட்டார். மறுநாள் ஞாயிறு சாயங்காலம் பாலிஷ்காரரின் அக்காவும் அத்தானும் கல்யாணம் பேச வருவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தத் தாள் காணாமல் போயிற்று.

"அப்பா, ஒரு தாளுக்காக ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்லுவீங்களா?"

"தாளுக்காகச் சொல்லலம்மா. இன்னிக்கு என் தாளை எடுக்கிறவன் நாளைக்கு உன்னையும் ஏமாத்துவான். கொட்டகைக்குள்ள வேலை செஞ்சது ரெண்டே பேர். நான் எடுக்கல."

அம்மா கரண்டியை ஆட்டினாள். "நீங்க தப்பா எண்ணியிருந்தா?"

"நானா?" என்றார் மில்லிமீட்டர். அந்த ஒரு சொல்லில் முப்பத்தோரு வருஷ சர்வீஸ் இருந்தது.

மகள் சாப்பிடாமலே சைக்கிளை எடுத்தாள். எதிர்வீட்டு அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"நான் சொன்னேன்னு சொல்லாதே. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் போறப்போ கக்கத்துல ஏதோ நீளமா வச்சிருந்தார். பேப்பர் சுத்தி."

"என்னக்கா நீளம்?"

"இவ்வளவு இருக்கும்." அக்கா கையை விரித்தாள். மரத்தாளின் நீளம்தான். "எனக்கெதுக்கு வம்பு. பார்த்ததைச் சொன்னேன். நல்ல பையன்தான், பாவம். ஆனா நல்லவங்க எதுக்குடி பேப்பர் சுத்தணும்?"

"போங்கக்கா, உங்களுக்கு வேற வேலையே இல்ல" என்று சொல்லிவிட்டு மகள் தெருமுனை வரை போனாள். மளிகைக்கடை வாசலில் நின்றாள். பெடலில் ஒரு கால், தரையில் ஒரு கால். ஐந்து நிமிஷம் அப்படியே நின்றாளாம். மளிகைக்கடைக்காரர் என்ன வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டாராம். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அப்பா சாப்பிட்டுப் படுத்திருந்தார். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் பை, மூலையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

திருடுகிறவள் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டு, திருடினாரா என்று பார்க்கப் பையைத் திறந்தாள். இது சந்தேகம் இல்லை, அப்பா வாயை அடைக்கத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மேலே இரண்டு தூரிகை. ஒரு மாற்றுச் சட்டை. அதற்குக் கீழே பேப்பர் சுற்றிய நீளமான பொட்டலம். பிரித்தாள். உப்புக்காகிதச் சுருள். அப்பாடா என்று இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அடியில் இருந்த வட்டத் தகர டப்பாவையும் நெம்பித் திறந்தாள். தாளைச் சுருட்டினால் இதில் அடங்குமா என்றுகூட யோசிக்கவில்லை. உள்ளே துணியில் பொதிந்த பாலிஷ் போடும் பஞ்சு, அரக்கும் ஸ்பிரிட்டுமாக ஈரமாக இருந்தது. மூக்கில் ஏறியது. மூடியைப் பேருக்கு வைத்து மூடினாள். எல்லாவற்றையும் பழையபடி அடுக்கினாள். கடைக்குப் போனாள்.

அன்று முழுக்க லென்ஸ் தேய்க்கும்போது அவளுக்கு ஒரே யோசனை. பையில் இல்லையென்றால் எங்கே? ஞாயிறு காலை, கடையில் லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தாள். தாள் ஒவ்வொன்றின் முதுகையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முதல் ஐந்தில் ரம்பம் போன தடம் மயிரிழையாக, நெருக்கமாக இருந்தது. ஆறிலிருந்து கடைசி வரை கரடுமுரடு.

"அப்பா, ரம்பம் மாத்தினீங்களா?"

மில்லிமீட்டர் பலகை அடுக்கில் இல்லாத தூசியைத் தட்டினார். "எதுக்குக் கேட்கிற?"

"மாத்தினீங்களா?"

"புதன்கிழமை மாத்தினேன். தேய்ஞ்சு போச்சு."

"அஞ்சு தாளுக்கேவா? புது ரம்பம்தானேப்பா போட்டீங்க?"

அவர் மறுபடி தூசி தட்டினார். அவள் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தேடினாள். பழைய பட்டை ரம்பம் சுருண்டு கிடந்தது. ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை. பக்கத்தில் ஒரு கிழிந்த கையுறைக்குள் ஆணி ஒன்று, பாதி அறுபட்டு, பளபளவென்று. எந்தக் காலத்திலோ மரத்தில் யாரோ அறைந்த ஆணி. மரம் அதை உள்வாங்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டைக்காகவே மில்லிமீட்டர், பெரிய கடை வாசலில் ஆட்களைத் தடவிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி இரும்பு கண்டுபிடிக்கும் கருவி ஒன்று வாங்கியிருந்தார். கட்டை முழுக்கத் தடவிவிட்டு, "குண்டூசிகூட இல்லை" என்று தெரு முழுக்கச் சொல்லியும் இருந்தார். பாலிஷ்காரர் வராத புதன்கிழமை அந்தக் குண்டூசி இல்லாத கட்டையில் ரம்பம் பல் உடைந்ததை அவர் யாரிடம் சொல்வார்?

"சரி. ஆணி பட்டு கட்டையோட முகம் கிழிஞ்சிருக்குமே. என்ன பண்ணீங்க?"

"இழைப்பு மிஷின்ல விட்டேன். லேசா."

"லேசான்னா?"

"ஒரு மூணு மில்லி."

"ஒரு தாள் எத்தனை?"

"ரெண்டு."

"ஒவ்வொரு தாளுக்கும் ரம்பம் தின்னுறது எத்தனை?"

"ஒண்ணு" என்று சொல்ல வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார். இரண்டும் ஒன்றும் மூன்று. பதினாறாவது தாள் கொட்டகைத் தரையில் மரச்சீவலாகக் கிடந்து, அம்மா அதைப் பெருக்கி முந்தாநாளே குப்பையில் கொட்டியும் விட்டிருந்தாள்.

பத்தரை மணிக்குப் பாலிஷ்காரர் பையை எடுக்க வந்தார். எதிர்வீட்டில் துடைப்பம் வெளியே வந்தது.

"வாங்க தம்பி" என்றார் மில்லிமீட்டர், அதுவரை யாரும் கேட்டிராத குரலில். "தாள் கிடைச்சிடுச்சு."

"எங்க இருந்துச்சு?"

"இங்கதான்."

"அப்பாவே இழைச்சுத் தள்ளியிருக்கார்" என்றாள் மகள். "ஆணி பட்டதை மறைச்சுட்டார்."

பாலிஷ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மில்லிமீட்டரும் அசட்டுத்தனமாகச் சிரித்தார். அம்மா உள்ளே போய்க் காபிக்குப் பால் வைத்தாள். சாயங்காலத்துக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்றுகூட உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"உட்காருங்க" என்றாள் மகள்.

"ஒரு தாள் ஓரத்துல ஒரு கை போட்டுக் காட்டறேன், சுழி எப்படி எழும்புதுன்னு பாருங்க" என்று பாலிஷ்காரர் பையைத் திறந்தார். டப்பாவை எடுத்தார். மூடி கையோடு வந்தது. உள்ளே பஞ்சு கல்லாக இறுகியிருந்தது. மேஜையில் தட்டினார், டொக் என்றது.

நான்கு வருஷமாகக் கைக்குப் பழகிய பஞ்சு அது. காற்றுப் போகாமல் மூடியை உள்ளங்கையால் இரண்டு அடி அடித்து மூடாமல் அவர் டப்பாவைக் கீழே வைத்ததே இல்லை.

அவர் மில்லிமீட்டரைப் பார்த்தார்.

"நான் தொடலப்பா. சத்தியமா."

அதை அவர் நம்பினார். கத்துகிற ஆள், மூஞ்சிக்கு நேரே கத்துவாரே தவிரப் பையைத் துழாவ மாட்டார். மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

"நான்தான்" என்றாள்.

"எப்போ?"

"நேத்து மத்தியானம்."

"ரம்பத்தைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி."

அவள் தலையசைத்தாள். "அப்பா வாயை அடைக்கத்தான்..." என்று தொடங்கினாள். அதை அவளாலேயே முடிக்க முடியவில்லை.

"அவர் ரெண்டு மாசமாத்தான் என்னைப் பார்க்கிறார். கத்தினார், போகட்டும்" என்றார் பாலிஷ்காரர். "நீங்க ரெண்டு வருஷமாப் பார்க்கறீங்க."

"ஒரு தடவைங்க. ஒரே ஒரு தடவை."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே கொட்டிக் காட்டியிருப்பேன்."

டப்பாவை மூடினார். வழக்கம்போல இரண்டு அடி அடித்தார். இனி அடித்து என்ன? அம்மா காபியோடு வந்தபோது கொட்டகையில் மகள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். மில்லிமீட்டர் கேட் வரை ஓடி, "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டதைத் தெரு பார்த்தது. சாயங்காலம் பாலிஷ்காரரின் அக்காவும் வரவில்லை, அத்தானும் வரவில்லை.

பாலிஷ்காரர் அந்த மாதமே ஊரை விட்டுப் போனார். துறைமுகப் பக்கம் ஒரு பெரிய மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. அடுத்த வருஷம் அங்கேயே கோந்துப் பிரிவில் வேலை பார்க்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாராம். மகளுக்கு இரண்டு இடம் வந்தது. இரண்டையும் அவளே வேண்டாமென்றாள். இந்த முறை அப்பா எதிர்க்கவில்லை. அதுவே அவளுக்குக் கோபம். கடையின் வேறொரு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மாதத்துக்கு ஒருமுறை போன் செய்கிறாள். அங்கே தனியாகத்தான் இருக்கிறாள் என்று அம்மா சொல்கிறாள். எதிர்வீட்டு அக்கா அதை நம்பவில்லை.