குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதம்

அந்தக் கோல்ஃப் கடையில் அவளுக்கு இன்ச்டேப் என்று பெயர். முதலாளி விளையாட்டாக வைத்தது, வாடிக்கையாளர்கள் வரைக்கும் பரவிவிட்டது. ஆளின் உடம்புக்குத் தக்கபடி மட்டை அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. மணிக்கட்டிலிருந்து தரை வரை எவ்வளவு, உள்ளங்கை எவ்வளவு, நடுவிரல் எவ்வளவு என்று அளந்து, தண்டை வெட்டி, பிடி சுற்றி, மட்டைத் தலையின் சாய்வை இம்மி பிசகாமல் வளைத்துக் கொடுப்பாள். இந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவள் எண்ணம். உண்மையும் அதுதான் என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அளக்கும்போது ஆண்கள் எம்புவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். வக்கீலோ லாரி ஓட்டுபவரோ, சுவரோரம் நிறுத்தியதும் குதிகால் தானாக மேலே போகும். கூடவே மணிக்கட்டும் போகும். மட்டை நீளமாகிவிடும், பந்து கண்ட இடத்துக்குப் போகும், பழி மட்டும் நேராகக் கடைக்கு வந்து சேரும். அதனால் அவள் குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதத்தை வைத்து, அளக்கும்போது மெல்ல இழுத்துப் பார்ப்பாள். வந்துவிட்டால் ஆள் எம்புகிறார். வராவிட்டால் யோக்கியர்.

பல் டாக்டரையும் அப்படித்தான் பிடித்தாள்.

"குதிகாலைக் கீழ வைங்க டாக்டர்."

"வெச்சுத்தானே இருக்கேன்."

"அப்ப இந்தப் பேப்பர் காத்துல வந்துச்சா?"

அவனுக்குக் காது வரை சிவந்தது. அடுத்த வாரம் நல்லாயிருந்த பிடியை மாற்ற வேண்டுமென்று வந்தான். அப்புறம் வாரா வாரம் ஏதாவது ஒரு சாக்கு. இப்போது விஷயம் கல்யாணம் வரை வந்து நிற்கிறது.

நிற்கிறது என்பதுதான் சரி. டாக்டரின் அப்பா கப்பல் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒரு துரும்பும் அசையாது. "அந்தப் பொண்ணை அவ வேலை செய்யற இடத்துலயே பார்க்கிறேன். எனக்கு ஒரு செட் மட்டை பண்ணட்டும். அப்புறம் சொல்றேன்" என்றுவிட்டார்.

அன்று காலை டாக்டர் முன்னாலேயே ஓடி வந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அப்பாகிட்ட ஆறடி இல்லைன்னு மட்டும் சொல்லிடாதே."

"ஆறடியா அவரு?"

"இல்லை. ஆனா ஆறடி. போன வருஷம் ஒரு டாக்டர் குறைச்சு எழுதிட்டார்னு அந்த டாக்டரையே மாத்திட்டார்."

"தப்பான அளவுல மட்டை பண்ணினா பந்தே காட்டிக் குடுத்துடுமே."

"ஒரு தடவை கண்டும் காணாம விடேன். நம்ம கல்யாணம்."

அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள ஆசை. கொள்ளை ஆசை. இவனை விட்டால் இன்னொருவன் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. ஆனாலும் அளவை மாற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வராது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் கேப்டன் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

நிமிர்ந்த நெஞ்சு, தடித்த அடி வைத்த ஷூ, கையில் தன் பழைய மட்டை. அவருக்குப் பின்னால், அரை அடி தள்ளி, அவர் மனைவி. தட்டைச் செருப்பு, தோளைக் குறுக்கிக்கொண்ட நடை. இந்தம்மாவுக்கு முதுகு வலியா என்று இன்ச்டேப்பின் கண் தன் பாட்டுக்கு ஒரு கேள்வியைக் குறித்துக்கொண்டது.

"ஆறடி. எழுதிக்கோ" என்றார் கேப்டன்.

"உயரம் வேண்டாம் சார். மணிக்கட்டுதான் வேணும். ஷூவைக் கழட்டிட்டு இப்படி வந்து நில்லுங்க."

நின்றார். காகிதத்தை இழுத்தாள். வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"சார், குதிகால் தரையில இல்லை."

"என் காலைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

டாக்டர் உத்தரத்தைப் பார்த்தான்.

"இதோ பாரும்மா. என் பழைய மட்டை வழக்கத்தைவிட ஒரு இஞ்ச் நீளம். அதே மாதிரி பண்ணிக் குடு. வேற பேச்சு வேண்டாம்."

"வேற கடையில பண்ணித் தருவாங்க சார். நான் பண்ண மாட்டேன்."

பல் பிடுங்கும்போது நோயாளிகள் போடும் சத்தம் ஒன்று டாக்டரிடமிருந்து வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. குரலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, "அந்த மட்டையிலேயே ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க" என்றாள்.

மட்டைத் தலை எங்கே தரையில் உரசுகிறது என்று தெரிய அதன் அடியில் டேப் ஒட்டி, அவரைப் பலகை மேல் நிறுத்தி அடிக்கச் சொன்னாள். பந்து பின்னறை வலையில் தொங்கிய வட்டத்தின் நடுவிலேயே பட்டது. கேப்டன் மீசையைத் தடவினார். அவளோ டேப்பைப் பார்த்தாள். உரசல் நடுவில் இல்லை, தண்டு சேரும் ஓரத்தில் இருந்தது.

"எங்க குறி வெச்சீங்க சார்?"

கேப்டன் மீசையிலிருந்து கையை எடுத்தார். "வட்டத்துக்கு வலது பக்கம்."

"நடுவுல போகணும்னா வலது பக்கம் பார்க்கணும். இல்லையா? மட்டை நீளம் சார். அது இடது பக்கம் இழுக்குது, நீங்க வலது பக்கம் பார்த்துச் சமாளிக்கிறீங்க."

அவள் தன் கண் அளவுக்குச் சரியென்று பட்ட ஒரு மட்டையை எடுத்து நீட்டினாள். "நேராப் பார்த்து அடிங்க."

பந்து நடு வட்டத்தில் பட்டது. இன்னொன்று அடித்தார், அதுவும் நடுவில். கேட்காமலேயே மூன்றாவதும் அடித்தார். பிறகு மட்டையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, தானே போய்ச் சுவரோரம் நின்றார்.

"பேப்பரை வை."

வைத்தாள். இழுத்தாள். மூலை கிழிந்து கையோடு வந்தது, மீதி அசையவில்லை. தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டாள்.

"இப்ப உயரத்தையும் சொல்லு."

"அஞ்சு அடி பத்து, சார்."

"கப்பல்ல ஏறும்போது ஆறடி."

"இருந்திருக்கும் சார். பந்து இன்னிக்குத்தானே அடிக்கறீங்க?"

குபுக்கென்று ஒரு சிரிப்பு. கேப்டனின் மனைவிதான். வந்ததிலிருந்து அவர் போட்ட முதல் சத்தம் அது. இன்ச்டேப்புக்குத் தன் கேள்வி ஞாபகம் வந்தது.

"நீங்களும் வாங்க."

"நான் எங்கம்மா விளையாடறேன்?"

"சும்மா, அளந்து பார்க்கலாம்."

சுவரோரம் நின்றார். காகிதம் வரவில்லை. குதிகால் அப்பழுக்கில்லாமல் தரையில் இருந்தது. ஆனால் முழங்கால் மடங்கியிருந்தது, தோள் உள்ளே போயிருந்தது, கழுத்து தாழ்ந்திருந்தது. எம்புகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறாள். தன்னைக் குறைத்துக்கொண்டு நிற்கிற ஆளை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அத்தை, நிமிர்ந்து நில்லுங்க."

அவர் கணவரைப் பார்த்தார். பிறகு முழங்கால் நேரானது. முதுகு நேரானது. கடைசியில் கழுத்து. தலை கேப்டனுக்குப் போட்ட பென்சில் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே போய் நின்றது.

கேப்டன் அண்ணாந்து பார்த்தார். "எப்போலேருந்து இப்படி?"

"கல்யாண போட்டோலேருந்து. போட்டோக்காரர் கொஞ்சம் குனியச் சொன்னார். அப்புறம் யாரும் நிமிரச் சொல்லலை."

கேப்டன் சட்டென்று இன்ச்டேப் பக்கம் திரும்பினார்.

"அத்தைன்னு கூப்பிட்டே. நான் இன்னும் சரின்னே சொல்லலையே?"

"நான் சொல்லிட்டேன்" என்றார் மனைவி. சுவரோரம்தான் நின்றிருந்தார், துளியும் குனியாமல்.

கேப்டன் மனைவியை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். "இவளுக்கும் ஒரு செட் பண்ணிடும்மா" என்றார்.

இன்ச்டேப் அதற்குள் அத்தையின் மணிக்கட்டை அளக்க ஆரம்பித்திருந்தாள்.