நிலை சாரும் வெடி மேடமும்

மாணவர்கள் வைக்கும் பட்டப்பெயர் பெரும்பாலும் ஆளுக்குப் பொருந்திவிடும். இந்த இருவர் விஷயத்தில் மட்டும் தலைகீழாகப் போய்விட்டது. குரலை உயர்த்திப் பேசவே தெரியாத இயற்பியல் ஆசிரியைக்கு வெடி மேடம் என்று பெயர். தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று விழுந்து, கையிலிருக்கும் சாக்பீஸைக் கடைசி பெஞ்சுவரை வீசுகிற ஆசிரியருக்கு நிலை சார் என்று பெயர்.

காரணம் இல்லாமல் இல்லை. பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்பது அவள் கட்சி. அவரோ பிரபஞ்சத்துக்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது என்பார். அது விரிய விரிய, உண்டாகும் இடைவெளியில் புதிதாகப் பொருள் முளைத்துக்கொண்டே இருக்கும். எந்தக் காலத்தில் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அவர் கட்சி. அதற்கு நிலைக் கொள்கை என்று பெயர். அந்த நாட்களில் உலகத்து விஞ்ஞானிகளே இரண்டாகப் பிரிந்து நின்று சண்டை போட்டார்கள். இந்தக் கல்லூரியில் அந்தச் சண்டைக்குக் கிடைத்த இடம் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை.

கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். உயரமானவர் என்பதால் சார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொள்வார். எதிரெதிராக இரண்டு மேசைகள், கீறல் விழுந்த லென்ஸுகள் நிறைந்த ஓர் அலமாரி, முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது.

"புதுசா முளைக்குதுன்னு சொல்றீங்களே சார், எங்க முளைக்குது? யாராவது கண்ணால பாத்தாங்களா?"

"இந்த ரூம் அளவு இடத்துல, கோடி ரெண்டு கோடி வருஷத்துக்கு ஒரு அணு முளைச்சாப் போதும். உங்களுக்குத்தான் பொறுமை இல்லை. எல்லாம் ஒரே நாள்ல நடந்து முடிஞ்சிடணும்."

"ஒரு நாளெல்லாம் எதுக்கு சார்? ஒரு நொடி போதும்."

"பெருவெடிப்புங்கற பேரே எங்க ஆளு ஒருத்தர் கிண்டலா வச்சது. அதைப் போய்ப் பட்டம் மாதிரி தலையில சூட்டிக்கிட்டீங்க!"

டீ கொண்டுவரும் அட்டெண்டர் கதவோரம் நின்று கேட்பார். "என்ன சார், இன்னைக்காவது உலகம் பொறந்துச்சா?"

"பொறக்கலை. டீயை வச்சுட்டுப் போ."

அதன்பின் ஒரு நாள் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் ஆய்விதழ் எப்போதும் பல மாதம் தாமதமாகத்தான் வந்து சேரும். வானத்தில் எந்தத் திசையில் கருவியைத் திருப்பினாலும் மிக மெல்லிய ஒரு கதிர்வீச்சு ஒரே அளவில் வருகிறதாம். அடுப்பை அணைத்த பிறகும் சுவரில் சூடு தங்கியிருப்பதுபோல், ஆதி வெடிப்பின் மிச்ச வெப்பம். பக்கத்தை விரித்து அவர் மேசையில் வைத்தாள்.

அவர் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கருவிக்குள்ள புறா கூடு கட்டியிருந்துச்சாமே?"

"அந்த எச்சத்தையெல்லாம் சுத்தம் பண்ணிட்டுத்தான் சார் மறுபடி அளந்திருக்காங்க."

"சரியா துடைச்சிருக்க மாட்டாங்க."

அந்த வருடம் மாணவர்கள் இருவரையும் மேடையேற்றி விவாதம் நடத்தினார்கள். முடிவில் கை தூக்கச் சொன்னபோது அரங்கமே அவள் பக்கம் தூக்கியது. சாருக்கு ஆதரவாக முன் வரிசையில் ஒரே ஒரு கை. அதுவும் அவர் மனைவியுடையது. சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. மறுநாள் அறைக்குள் நுழையும்போது என்ன பேசுவது என்று தெரியாமல்தான் நுழைந்தாள்.

அவரோ கரும்பலகையை நிறைத்து வைத்திருந்தார். "வாங்க மேடம். அந்தக் கதிர்வீச்சு நட்சத்திரங்கள்லேருந்தே வரலாமே? உக்காருங்க, சொல்றேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. கல்லூரி முழுக்க இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவர் கொண்டுவரும் ஒவ்வொரு வாதத்தையும் உடைக்க அவள் நூலகத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது. பட்டத்துக்காகப் படித்ததைவிட அவரை மறுப்பதற்காகப் படித்தது அதிகம். வருடங்கள் அப்படியே ஓடின. அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தார்கள். உலகம் மட்டும் அந்த அறையில் பிறக்கவே இல்லை.

பிறகு அவர் வேறோர் ஊரின் கல்லூரிக்கு முதல்வராகப் போனார். அவர் இடத்துக்கு வந்த இளைஞன் நல்ல பிள்ளை. அவள் எதைச் சொன்னாலும் "ஆமாம் மேடம்" என்பான். தவறாகச் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் ஆமாம் போட்டான். மின்விசிறி அவ்வளவு சத்தமாக முனகும் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவளும் ஓய்வு பெற்றாள். ஒரு காலையில் பேப்பரைப் பிரித்தவள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிரபஞ்சம் விரிகிற வேகம் கூடிக்கொண்டே போகிறதாம். மேலே எறிந்த பந்துபோல அந்த வேகம் குறையும் என்றுதான் அவள் கட்சி இத்தனை காலம் சொல்லி வந்தது. கூடும் என்று சொன்னது யார்? சாரின் நிலைக் கொள்கை. விரிகிற விகிதம் மாறாமல் இருந்தால், தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடித்தானே ஆகும்? அதற்கான சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, சாக்பீஸால் தட்டித் தட்டிக் காட்டியிருக்கிறார். அவள் சிரித்திருக்கிறாள்.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் கணவர்.

"ஒருத்தர்கிட்ட தோத்துட்டு வரப்போறேன்."

"தோக்கறதுக்கு பஸ் ஏறிப் போகணுமா? அது வீட்லயே நடக்குமே, எனக்கு தினமும் நடக்குது."

சாரின் மனைவிதான் கதவைத் திறந்தார். அடையாளம் தெரிந்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். "வாங்கக்கா, வாங்க! இங்க பாருங்க, யார் வந்திருக்காங்கன்னு!"

சார் மெலிந்திருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவள் முன்னுரை எதுவும் இல்லாமல் பேப்பரை நீட்டினாள். "நீங்க சொன்னது சார். வேகம் கூடும்னு. இது ஒண்ணுல நீங்கதான் சரி."

அவர் பேப்பரைத் தொடக்கூட இல்லை. "நானும் காலையிலயே படிச்சேன். இது வேற காரணத்தால கூடுது மேடம். இதை வச்சு என் கொள்கையை எழுப்பி உக்கார வைக்க முடியாது. அது செத்து ரொம்ப நாளாச்சு."

"நீங்களா சொல்றீங்க?"

"அந்தக் கதிர்வீச்சுக் கட்டுரையைக் கொண்டாந்து வச்சீங்களே, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

எத்தனை கரும்பலகைகள், எத்தனை சாயங்காலங்கள்! "அப்புறம் ஏன் சார் அத்தனை வருஷம்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஒத்துக்கிட்டேன்னு வைங்க. மறுநாள் ரெண்டு பேரும் என்ன பேசியிருப்போம்? வருகைப்பதிவு, தேர்வுத்தாள், யாருக்குப் பதவி உயர்வு, இதைத்தானே? எனக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்துச்சு மேடம்."

"எனக்கு அப்பவே தெரியும்க்கா," என்றார் மனைவி. "வீட்டுக்கு வந்து, 'நாளைக்கு அந்தம்மாவை எப்படி மடக்கறது'ன்னு தேடித் தேடிப் படிப்பார். இவருக்கு அந்தக் கொள்கை மேல நம்பிக்கை போனப்புறம்தான் நானே கை தூக்கினேன். பாவமா இருந்துச்சு."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பினூடே அவளுக்குக் கண்ணில் நீர் கட்டியது. கோபப்பட வேண்டிய இடம்தான், கோபம் வரவில்லை. அந்தச் சரிந்த கூரையும், தலையைத் தடவிக்கொண்டே பேசும் அவர் உருவமும், ஆறிப்போன டீயும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

சாப்பிட்டார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். நடுவில் அவர் சும்மா இருக்க முடியாமல் கேட்டார். "சரி, வேகம் கூடுதே, எது தள்ளுது? வெட்ட வெளிக்கே அந்தச் சக்தி இருக்குங்கறேன் நான்."

"எனக்கு அளவுலயே சந்தேகம் சார். தூரத்தைத் தப்பா எடை போட்டிருக்கலாம்."

"அதெப்படி? ரெண்டு குழு தனித்தனியா அளந்திருக்காங்களே!"

வெயில் தாழ்ந்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதே பேச்சு. அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அவர் வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூரத்து நட்சத்திர வெடிப்புகளின் வெளிச்சம் ஏன் மங்குகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, ஏறுறீங்களா இல்லையா?" என்றார் கண்டக்டர்.

அவர் ஒரு கணம் வீட்டுத் திசையைப் பார்த்தார். ஏறிவிட்டார். அடுத்த ஊரில் இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிக்கொள்ளலாம் என்று சொல்லியபடியே அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.